ஊட்டி சீட்

என் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது "ஊட்டிக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை உதைப்பார். அவர் போனது ஆர்.கே.பேட்டைப் பக்கம் இருந்த ஒரு சிறிய கால்நடை நோய் ஆய்வகத்துக்கு. கான்கிரீட் தளம், தாழ்ந்த கூரை, மேற்குப் பார்த்த ஜன்னல். சித்திரையில் உள்ளே நின்றால் தலை சுற்றும். அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் குளிர்ந்த காற்று உண்டு. அந்த இடத்துக்கு அங்கே வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ஊட்டி சீட். அப்பா கடைசிவரை அதில்தான் உட்கார்ந்திருந்தார். செத்தது அதனால்தான்.

அவர் பெயர் அப்பாவு. கொஞ்சம் நெல் நிலம், ஏரிப் பாசனம், கறவை மாடுகள் உள்ள குடும்பம். பத்தாவது முடித்துவிட்டு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது. நேர்முகத்தில் ஒரு பெரிய அதிகாரி, "செத்த மாட்டைப் பாத்தா பயப்படுவியா?" என்று கேட்டாராம். "உயிரோட கீறதுதான் சார் முட்டும்" என்றாராம் அப்பா. அந்தப் பதிலுக்குத்தான் வேலை கிடைத்தது என்று சாகும்வரை நம்பினார்.

முதலில் கொல்லைப்புறத்தில் குழாயடியில் கண்ணாடிச் சாமான்கள் கழுவினார். பிறகு நீராவிக் கொப்பரைப் பக்கம் மாற்றினார்கள். கிருமி இருந்த தட்டுகளையும் குழாய்களையும் அதில் வேகவைத்துத்தான் வெளியே கொட்டவேண்டும். அது கட்டடத்திலேயே மிகச் சூடான மூலை. அங்கே பல வருஷம் வெந்தார். வேலையில் போடும் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா அதை எங்கள் பள்ளிச் சட்டைகளோடு சேர்த்து ஊறவைப்பாள். கொண்டுவரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் துவைக்க இடமும் இல்லை. அங்கிருந்த ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் ரத்த மாதிரிகள், கீழ்த் தட்டில் எல்லாருடைய மோர் பாட்டில்கள். மேலிருந்து ஒழுகினால் கீழே விழும் என்று யோசிக்க ஆளில்லை.

மூத்தவர் ஒருவர் ஓய்வு பெற்றபோது அப்பாவுக்கு ஊட்டி சீட் வந்தது. சீனியாரிட்டிதான் கணக்கு. அன்றைக்கு ஜிலேபி வாங்கிவந்தார். நான் அப்போது எட்டாவது. "மூஞ்சில ஐஸ் வெச்சா மாதிரி கீதுடா விமலு" என்றார். அது ஏசி அறை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். உள்ளே போய்ப் பார்த்ததில்லை. வெளியாட்களை விடமாட்டார்கள். அந்த ஆய்வகத்தில் ஒழுங்காகக் கடைப்பிடித்த பாதுகாப்பு விதி அது ஒன்றுதான்.

நான் டிப்ளமோ படித்து கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனேன். சிப்காட்டில் இருக்கும் மருந்துத் தொழிற்சாலைகளுக்குக் காற்றுப் பரிசோதனை செய்து தரும் கம்பெனி. சுத்தமான அறைகள், கிருமியோடு வேலை செய்யும் பெட்டிகள் இவற்றில் புகை விட்டுப் பார்ப்போம். காற்று எந்தப் பக்கம் போகிறது, என்ன வேகம், வடிகட்டியில் ஓட்டை இருக்கிறதா. சரியாக இருந்தால் ஒட்டுச்சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போடுவோம். இல்லையென்றால் அந்த இயந்திரத்தில் யாரும் உட்காரக் கூடாது. அன்றைய உற்பத்தி நின்றாலும் சரி.

அப்பாவுக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தபோது அதை யாரும் காய்ச்சலாக எண்ணவில்லை. காலையில் இருக்காது. மாலையானால் உடம்பு சுடும். விடிவதற்குள் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். இடுப்பு வலி என்பார். வயதாகிறது என்றோம். பக்கத்து ஊர் டாக்டர் டைஃபாய்டு என்றார். மருந்து கொடுத்தார். குறைந்தது. திரும்ப வந்தது. இன்னொருவர் டி.பி. என்று சந்தேகப்பட்டு அதற்கும் மாத்திரை எழுதினார். அப்பா விடுப்பு எடுக்கவில்லை. "ஊட்டிக்குப் போனா சரியாப் பூடும்" என்பார். காய்ச்சல்காரனுக்குக் குளிர்ந்த காற்று சுகமாகத்தான் இருக்கும்.

மூச்சு வாங்க ஆரம்பித்தபின் சென்னைக்குக் கொண்டுபோனோம். பெரிய மருத்துவமனை. இதய வால்வில் கிருமி கூடு கட்டியிருக்கிறது என்றார்கள். என்ன கிருமி என்று தெரியச் சில நாட்கள் ஆயின. அது புரூசெல்லா. சினைமாடு மாதம் நிறைவதற்கு முன்பே கன்றை வீசிவிடும் நோயைக் கொண்டுவருவது. கன்றுவீச்சு நோய் என்போம்.

வார்டில் இருந்த பெண் டாக்டர் இளவயதுக்காரர். அம்மாவைத்தான் முதலில் கேட்டார்.

"வீட்டுல மாடு இருக்காம்மா? பச்சைப் பால் குடிப்பாரா?"

"காச்சாத பால நாய்க்குக் கூட ஊத்த மாட்டேன் டாக்டரம்மா" என்றாள் அம்மா. சின்னப்பொண்ணு என்பது அவள் பெயர். பால் விஷயத்தில் ஊரே அவளுக்குப் பயப்படும்.

"என்ன வேலை பாக்கறார்?"

நான் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இந்த நோய்க்கு டெஸ்ட் பண்ற இடமே அதுதானே. அங்க யாரும் இவர் ரத்தத்தைப் பாக்கலையா?"

யாரும் பார்க்கவில்லை. மாட்டின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் ஒரு சொட்டு, ரோஸ் நிறத் திரவத்தில் ஒரு சொட்டு, கண்ணாடித் தட்டில் கலந்து ஆட்டினால் சில நிமிஷத்தில் முடிவு தெரியும். திரிந்தால் நோய். மனிதனுக்கும் அதே சொட்டுதான். அப்பா தன் கையால் எத்தனையோ ஆயிரம் மாடுகளுக்கு அதைச் செய்திருக்கிறார். தனக்குச் செய்துகொள்ளவில்லை. மற்றவர்களும் செய்துகொண்டதில்லை. அது மாட்டுக்கான சோதனை. மாடு வேறு, ஆள் வேறு என்று அங்கே எல்லாரும் தெளிவாக இருந்தார்கள்.

வால்வை மாற்றவேண்டும் என்று தேதி கொடுத்தார்கள். தேதிக்கு முன்பே போய்விட்டார்.

கருமாதிக்கு ஆய்வகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலைமை அதிகாரி டாக்டர் ஜனார்தனன். திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம், கால்நடை மருத்துவர். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்று நினைத்தேன். அம்மா கொடுத்த மோரை இரண்டு டம்ளர் குடித்தார். மற்றவர் பார்த்திபன், ஆய்வக உதவியாளர், அப்பாவுக்கு அடுத்த வரிசை. பந்தலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

ஜனார்தனன் என் தங்கை நர்மதாவைக் கூப்பிட்டார். அவள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு திருத்தணியில் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"வாரிசு வேலைக்கு எழுதிப் போடும்மா. நான் பின்னாடியே அலைஞ்சு முடிச்சுத் தரேன். அப்பாவு சீட்லயே உன்னை உக்கார வெக்கறேன். வேற யாருக்கும் தர மாட்டேன்."

"அது ஊட்டி சீட்டு சார்" என்றார் பார்த்திபன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எத்தினி வருசமா லைன்ல நின்னுகினு கீறேன். போவட்டும், தங்கச்சிக்காக உட்டுத் தரேன்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பார்த்திபனிடம், அது என்ன ஊட்டி சீட், ஏசியா என்று கேட்டேன்.

"ஏசியெல்லாம் நமக்கு எவன் குடுப்பான்? மெஷினுபா. பெரிய டேபிள் மாதிரி. பின்னாடி ஜன்னல் கணக்கா ஒரு வடிகட்டி. அதுலேர்ந்து காத்து சும்மா ஜில்லுனு நேரா மூஞ்சில அடிக்கும்."

"முன்னாடி கண்ணாடி?"

"கண்ணாடி இருந்தா காத்து எப்பிடிப்பா வரும்?"

"வீசின கன்னை எங்க வெச்சு அறுப்பீங்க?"

"அதுலதான். வேற எங்க?" அவருக்கு என் கேள்வி புரியவில்லை. "அதானே சேப்டியான இடம். டாக்டருங்களே அதான் சொல்லுவாங்க."

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அந்த மாதிரி மேசை எனக்கு நன்றாகத் தெரியும். லேமினார் என்போம். பின்னாலிருந்து சுத்தமான காற்று வந்து மேசைமேல் இருப்பதைத் தடவிக்கொண்டு ஆள்மேல் வீசும். ஆளின் தூசி மருந்தின்மேல் விழாமல் இருப்பதற்காகச் செய்தது அது. காப்பாற்றுவது மருந்தை, ஆளை அல்ல. கிருமி இருக்கும் பொருளைத் திறக்க வேறு பெட்டி உண்டு. அதில் முன்னால் கண்ணாடி இறங்கியிருக்கும், காற்று ஆளிடமிருந்து உள்ளே இழுக்கப்படும், வடிகட்டிய பிறகே வெளியேறும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை இரும்பு. யாரோ எப்போதோ ஒன்றுக்கு இன்னொன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நோய் எதுவென்று பார்க்க, வீசிய கன்றின் வயிற்றை அப்பா அதில் வைத்து அறுப்பார். கிருமி கோடிக்கணக்கில் இருக்கும் இடம் அதுதான். காற்று அதையெல்லாம் வாரிக் குளிர்ச்சியாக அவர் மூக்கில் கொண்டுபோய்க் கொடுத்தது. அதற்குத்தான் சீனியாரிட்டி. அதற்குத்தான் ஜிலேபி.

அப்பாவின் சாமான்களை வாங்கிவர நர்மதாவோடு ஆய்வகத்துக்குப் போனேன். அவருடைய செருப்பு, ஒரு சீப்பு, டிபன் கேரியர். அன்றைக்கு ஜனார்தனன் என்னை உள்ளே விட்டார். வராந்தாவில், சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு பெட்டி நின்றது. அதன் தலையில் பழைய கோப்புகள், உடைந்த நாற்காலி. உறைக்குள் எட்டிப் பார்த்தேன். முன்னால் கண்ணாடி. சரியான பெட்டி.

"இது எப்ப சார் வந்தது?"

"அது ஆச்சு, ரெண்டு மூணு வருஷம். நான்தான் எழுதி வாங்கினேன்" என்றார் பெருமையாக. "வெக்க இடம் இல்லை. லேமினாரை எடுத்தாத்தான் இடம். அதை எடுக்கணும்னா பழசுன்னு கணக்குலேர்ந்து கழிக்கணும். ஓடிண்டிருக்கற மெஷினை எப்படிக் கழிக்கறது? புதுக் கட்டடம் வரட்டும்னு வெச்சிருக்கேன்."

சுவரோரம் பிள்ளையார் படத்துக்கு முன் ஊதுவத்தி இருந்தது. ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன். பார்த்திபனை அப்பாவின் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மேசையை ஓடவிட்டு, கன்று வைக்கும் தட்டின்மேல் ஊதுவத்தியைப் பிடித்தேன். புகை மேலே போகவில்லை. கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக வந்து பார்த்திபன் மூஞ்சியில் அடித்தது.

அவர் இருமினார். "இன்னாபா, சாமிக்குக் காட்றத எனக்குக் காட்ற?"

 நர்மதா என் கையிலிருந்து ஊதுவத்தியை வாங்கித் தண்ணீரில் அணைத்தாள்.  ஜனார்தனன் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"விமல், நீ சொல்றது புரியறது. ஆனா இதை எழுதிக் கிழுதி வெச்சுடாதே. வேலையால செத்தார்னு நீ எழுதினா விசாரணை வரும். விசாரணை முடியறவரைக்கும் உன் தங்கை ஃபைல் நகராது. எத்தனை வருஷம்னு எனக்கே தெரியாது. உங்க வீட்டுல மாடு இருக்கு. அதுலேர்ந்து வந்துதுன்னு விசாரிக்க வரவா சொன்னா நீ என்ன பண்ணுவே?"

வீட்டு மாடுகளின் ரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்தேன். கொடுத்த இடமும் அதே ஆய்வகம். வேறு போக்கு இல்லை. நோய் இல்லை என்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். "ஒரு தடவை இல்லைன்னு வந்தா இல்லைன்னு அர்த்தமில்லையே" என்றார் ஜனார்தனன். அதுவும் உண்மைதான். அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

அப்பாவின் பெயரை எழுதாமல், இயந்திரத்தைப் பற்றி மட்டும் மேலிடத்துக்கு எழுதினேன். வருடாவருடம் முறையாகப் பரிசோதிக்கப்பட்டு நல்ல நிலையில் இயங்குகிறது என்று பதில் வந்தது. ஜனார்தனனிடம் கேட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒட்டுச்சீட்டு இருந்தது. என்னைப்போல ஒருவன் ஒட்டியது. காற்றின் வேகம் சரி. வடிகட்டி சரி. அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. அது நல்ல லேமினார். தன் வேலையைக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தது. என்ன வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது அவன் ஒப்பந்தத்தில் இல்லை. நானே பரிசோதித்து, இந்த வேலைக்கு உதவாது என்று எழுதித் தருகிறேன் என்றேன். நான் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் இல்லை என்றார்கள். என் கம்பெனியைக் கேட்டேன். அரசு அலுவலகம் கூப்பிடாமல் நாம் எப்படிப் போவது என்றார்கள்.

வீட்டில் சண்டை. அம்மாவுக்கு நான் பேசுவது எதுவும் காதில் ஏறவில்லை.

"உங்கப்பன் உக்காந்த சீட்டுடா அது. பொண்ணுக்கு மரியாதியா கூப்ட்டுக் குடுக்கறாங்க. நீ போயி ஊதுவத்தி காட்டினு கீற."

"அம்மா, அந்த சீட்டுதான் நைனாவ கொன்னுது."

"அப்ப பார்த்திபன் ஏன் சாவல? அந்த டாக்டரு ஏன் சாவல?"

நர்மதா குறுக்கே வந்தாள். "ண்ணா, நீ கும்முடிப்பூண்டில கம்பெனி கம்பெனியா போயி இதுல உக்காராத, அதுல உக்காராதன்னு சொல்லுவ. கேப்பாங்க. கேக்கலைனா அவனுக்கு நஷ்டம். இங்க யாருக்கு நஷ்டம்? காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் புடவ மடிச்சிகினு நிக்கறேன். உக்கார ஸ்டூலு கிடையாது. எனக்கு அந்த வேலை வோணும். சீட்டுல உக்கார்றதா வாணாமான்றத நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துப்ப?"

"போனாதானே தெரியும்."

அதற்குமேல் நான் எழுதவில்லை. நர்மதாவின் வேலை ஆணை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களில் எந்தத் தொழிற்சாலையில் புகை விட்டாலும் அது போகும் திசையை இரண்டு தடவை பார்த்தேன். இருமல் மருந்து புட்டிக்குக் கொடுத்த மரியாதையை என் அப்பாவின் மூக்குக்கு யாரும் கொடுக்கவில்லை.

வழக்கமாக வருஷக்கணக்கில் தூங்கும் ஃபைலை ஜனார்தனன் சொன்னபடி அலைந்து முடித்துக் கொடுத்தார். மறுபடி சித்திரை வந்தபோது நர்மதா வேலையில் சேர்ந்தாள். அவளுக்காகப் புது நாற்காலி போட்டிருந்தார்கள். இயந்திரத்துக்குப் பார்த்திபன் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதல் காரியமாக இயந்திரத்தை அணைத்தாள்.

"இத்த நிறுத்திட்டுதான் சார் வேலை செய்வேன்."

அந்தக் காற்று அவளுக்கு மட்டும் வந்துகொண்டிருந்ததல்ல. அவள் தோளைத் தாண்டி அறை முழுக்கப் போனது. நின்றதும் எல்லாருக்கும் வேர்த்தது.

"தாயே, நாங்களும் இந்த ரூம்புலதான் கீறோம்" என்றார் பார்த்திபன். "உங்கப்பா எங்களுக்கு ஊட்டி காட்டினாரு. நீ பாலைவனம் காட்ற."

"நைனா காட்டின ஊட்டியதான் பாத்தீங்களே ண்ணா, எங்க போய் முடிஞ்சுதுன்னு."

அவள் சாப்பிடப் போகும்போது யாராவது போட்டுவிடுவார்கள். அவள் வந்து அணைப்பாள். இரண்டு வாரம் இதே கூத்து. தினமும் போனில் சொல்வாள். அணைத்திருந்தாலும் அதில் கிருமி உள்ளதைத் திறப்பது ஆபத்துதான் என்று நான் சொன்னேன். "தெரிதுண்ணா. வேற இன்னா செய்யச் சொல்ற?" என்பாள். 

பிறகு ஒருநாள் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து வீசிய கன்று ஒன்று வந்தது. யூரியா சாக்கில் கட்டி, பஸ்ஸில் காலுக்கடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சாக்கு நனைந்திருந்தது. ஜனார்தனன் அறுக்கச் சொன்னார். நர்மதா எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னால முடியாது சார். மெமோ குடுத்தாலும் சரி."

அவர் கோபப்படவில்லை. அவளுக்கு வேலை வாங்கித் தந்தவர் என்ற முறையில் அவருக்கு வருத்தம்தான். "சரி. பார்த்திபன், நீ பாரு."

பார்த்திபன் எழுந்திருக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணா, சீட்டு வோணும் சீட்டு வோணும்னு கேட்டியே" என்றாள் நர்மதா.

"கிண்டல் பண்ணாத தங்கச்சி." குரல் இறங்கிவிட்டது. "சார், எனக்கு மேலு கணகணன்னு கீது. சாயங்காலம் ஆனா தூக்கிப் போடுது. ரொம்ப நாளா. ஊட்ல கூட சொல்லல."

"ஏன்யா சொல்லலை?"

"அப்பாவு அண்ணனுக்கும் இப்பிடிதானே சார் ஆரம்பிச்சுது. சொன்னா அதுதான்னு ஆயிடுமேன்னு சொல்லல."

அப்பா இறந்த பிறகு, நர்மதா வரும்வரை, ஊட்டி சீட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஊதுவத்திப் புகையை மூஞ்சியில் வாங்கிய பிறகும்தான். "எத்தினியோ பேரு உக்காந்த சீட்டு, எனக்கு மட்டும் இன்னா ஆயிடும்னு நெனச்சேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். அவ்வளவுதான் காரணம். வேறு கதை இல்லை.

ஜனார்தனன் தானே ஊசி எடுத்து அவர் கையில் ரத்தம் எடுத்தார். மாட்டு டாக்டர் குத்தியதில் பார்த்திபனுக்கு வலித்ததாம். "சார், நான் எருமை இல்ல" என்றாராம். தெளிநீர் பிரிந்ததும் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு, அதன்மேல் ரோஸ் சொட்டு. நர்மதாதான் கலந்து ஆட்டினாள். அவள் கையில் இருந்தபோதே திரிந்தது. எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி என்றாள். அந்தச் சொட்டும் அந்தத் தட்டும் அப்பா காய்ச்சலோடு வேலைக்கு வந்துபோன அத்தனை மாதமும் அவர் கைக்கெட்டும் அலமாரியில்தான் இருந்தன. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. 

அன்று ஜனார்தனன் எல்லாருடைய ரத்தத்தையும் பார்த்தார், தன்னுடையது உட்பட. மற்ற யாருக்கும் இல்லை. பார்த்திபனைத் தன் காரில் சென்னைக்கு அழைத்துப்போய்ச் சேர்த்தார். திரும்பிவந்து, "இனிமே வீசின கன்னு எதையும் இங்க திறக்க வேண்டாம். ரெண்டு பை போட்டுக் கட்டி, ஐஸ்ல வெச்சு மெட்ராஸ் பெரிய லேபுக்கு அனுப்பிடுங்கோ" என்றார். சோதனைக்கு வருவதை வாங்கிவைக்கும் ஜன்னலுக்கு நர்மதாவை மாற்றினார்.

பார்த்திபன் பிழைத்துக்கொண்டார். ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையில் போகும் நோய்தான் இது. "அந்த மாத்திரை போட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போவுதுபா, கலர் சோடா மாதிரி. பசங்களுக்கு ஊத்திக் குடுத்துடப் போறா என் பொண்டாட்டி" என்று போனில் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வைத்தபின் அழுகை வந்தது.

இப்போது எழுதலாம் என்று நினைத்தேன். நர்மதாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து இரண்டு பேருக்கு ஒரே நோய். இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? ஜனார்தனனைப் பார்த்து, அப்பா சாவுக்கு வேலைதான் காரணம் என்று நீங்களும் ஒரு வரி எழுதவேண்டும் என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்த்திபன் வீட்டுலயும் ஆடு இருக்கு விமல்."

"நீங்க அதை நம்பறீங்களா சார்?"

"நான் நம்பறதை யார் கேக்கறா?"

"சரி, கன்னைத் திறக்க வேண்டாம்னு சொன்னீங்களே, அதையாவது எழுத்தா போடுங்க."

"எழுத்துல போட்டா, இத்தனை வருஷம் ஏன் திறந்தேன்னு கேப்பா. நான் இருக்கறவரைக்கும் திறக்க மாட்டா. அது போதாதா?"

அவருக்கு ஓய்வு பெற அதிக காலம் இல்லை.

லேமினார் அங்கேயே இருக்கிறது. இப்போது அதில் யாரும் கன்று அறுப்பதில்லை. ஆனால் ஓடுகிறது. புதிதாக வந்த ஒப்பந்தப் பெண் சுமலதா அதன் முன் உட்கார்ந்து கோழி ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்களுக்கு எண் எழுதுகிறாள். நர்மதா போய்ச் சொன்னாள். "ஃபேனும் இல்லாத ரூம்ல வேற எங்கக்கா உக்கார்றது?" என்றாள் அந்தப் பெண். வராந்தாவில் சரியான பெட்டி உறைக்குள் நிற்கிறது. அதன் தலையில் இருந்த கோப்புகளை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள்.

போன வாரம் விடுமுறையில் வந்தபோது நர்மதாவை வீட்டுக்கு அழைத்துப்போக ஆய்வகத்துக்குப் போனேன். உள்ளே விடவில்லை. நர்மதாவின் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். எனக்கு முன்னால் பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் வீசிய கன்றைக் கட்டிய பையோடு நின்றார்.

"மெட்ராஸ் போயி ரிசல்ட்டு எப்ப திரும்பி வரும்?"

"ஒரு வாரம் ஆவும் பெரிப்பா."

"ஒரு வாரமா? அதுக்குள்ள மிச்ச மாடும் வீசிடும்மா. கொட்டாயில சினையா நாலு நின்னுகினு கீது. இங்கியே அறுத்துப் பாத்து சொல்றதுக்கு இன்னா கேடு?"

"இங்க திறக்கறதில்ல. மத்த மாட்ட தனியா கட்டுங்க. கையில உறை போடாம எதையும் தொடாதீங்க. பைய இப்பிடித் தனியா வையுங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீ அப்பாவு பொண்ணுதானே? உங்க நைனா இருந்தப்போ இப்பிடி அலைய உட மாட்டாரு. பைய வாங்கினு போவாரு, அறுப்பாரு, வந்து இன்னதுன்னு சொல்லிடுவாரு. ஒரு டீ குடிக்கற நேரம்."

"ஆமா பெரிப்பா. அப்பிடித்தான் செஞ்சாரு. அதான் இப்ப இல்ல."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. பையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, "டாக்டரு சொன்னா அறுப்பீங்க இல்ல? அவரையே கேக்கறேன் இரு" என்று ஒதுங்கிப்போய்ச் செல்போனை எடுத்தார். நர்மதா கையுறை மாட்டிக்கொண்டு பையை வாங்கினாள். உள் அறையில் ஜனார்தனன் மேசைமேல் போன் அடிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவர் மேசையில்தான் இருந்தார். போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நர்மதா முதல் பையின்மேல் இரண்டாவது பையைப் போட்டு முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். போன் நின்றது. விவசாயி மறுபடி எண்ணை அழுத்தினார்.